இரண்டு பக்கமும் குற்றம்

நானும் என் வீட்டுக்காரரும் அடித்துக்கொண்டவர்கள். இதை மறைத்து இனி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் ஊரில் அந்தக் காலத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் ஒன்று வைத்தால் நான் ஒன்று வைப்பேன். அவர் கையை ஓங்கி முடிப்பதற்குள் என் கையிலிருக்கும் சொம்பு பறந்துவிடும். ஒருமுறை அவருடைய கட்டைவிரலைக் கடித்துவிட்டேன். எட்டு நாள் துணி சுற்றிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்களிடமெல்லாம் நாய் கடித்துவிட்டது என்றார். "எந்த நாயிங்க மாப்ள, ஊட்டு நாயா காட்டு நாயா?" என்று கிணற்று மேட்டில் ஆட்கள் கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சண்டைக்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சேவல் கட்டுக்குப் போய்விட்டு எருமைக்குத் தண்ணீர் காட்ட மறந்திருப்பார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன். அவருக்குக் கை துறுதுறுக்கும், எனக்கு வாய் துறுதுறுக்கும். மறுநாள் விடிந்தால் நான் கூழ் கரைத்து எடுத்துப் போவேன், அவர் குடிப்பார். அவரைக் கண்டு எனக்குப் பயமில்லை, என்னைக் கண்டு அவருக்கும் பயமில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்போது பெருமையாகத்தான் இருந்தது, அந்த வெட்கக்கேட்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் சேந்தும் இடத்தில் மற்றப் பெண்களுக்குக் கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டுவேன்.

நான் வாழ வந்தபோது அந்த வீட்டில் மாமியார் இல்லை. மாமனாரும், என் வீட்டுக்காரரின் தங்கையும்தான். எனக்குப் பதினாறு, அவளுக்குப் பதின்மூன்று. அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையாள் என்போம். "நங்கையா, நங்கையா" என்று என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரிவாள். நான் அவளை அம்மிணி என்பேன். தாயில்லாத பெண். தலைக்குக் குளித்துவிட்டால் பின்னலை நான்தான் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

நான்கு வருடம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், பள்ளிபாளையம் பக்கம் காவிரிக் கரையோரம் கரும்பு விளைகிற ஒரு குடும்பத்துக்கு அவளைக் கொடுத்தோம். மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தபோது ஊரே ஒரே வாயாகச் சொன்னது. கள் தொடமாட்டான், சீட்டுத் தொடமாட்டான், குரலை உயர்த்திப் பேசமாட்டான், பண்ணையாளைக்கூட "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவான். அந்த மனிதனை "அவர்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன். மரியாதை தெரியாதவள் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது வருடம் ஆடி நோம்பிப் பண்டிகைக்கு அவள் வந்தாள். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன். தலையில் விரலை விட்டால் இரண்டு இடத்தில் முடியே இல்லை, கொட்டைப்பாக்கு அளவுக்கு மொழுமொழுவென்று இருந்தது. முதுகில் புள்ளி புள்ளியாகத் தழும்பு. மாட்டை முடுக்குகிற தார்க்குச்சியின் நுனியில் ஆணி இருக்கும். அந்த ஆணியின் தடம் எனக்குத் தெரியாதா? எங்கள் எருதுகளின் தொடையில் தினமும் பார்க்கிறேன்.

"இது என்ன அம்மிணி?"

"உளுந்துட்டேனுங்க நங்கையா."

"தார்க்குச்சி மேலயா உளுந்தே?"

விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடுங்கினேன். அவன் கோபத்தில் அடிப்பதில்லையாம். அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. கோபமில்லாமல் ஒருவன் எப்படி அடிப்பான்? தண்ணீர்ப் பானையின் மூடி கோணலாக இருந்ததென்று கூப்பிடுவான். கதவைச் சாத்துவான், அடிப்பான், கதவைத் திறப்பான், தோட்டத்துக்குப் போய்விடுவான். அடுத்தது எப்போது, எதற்காக என்று அவளுக்குத் தெரியாது. அதனால் எந்நேரமும் அதே நினைப்பு. அடுக்களையில் என் சின்ன மகள் ஒரு வட்டலை, சோற்றுத் தட்டை, தவறவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு இவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். பத்தொன்பது வயதுப் பெண்!

அந்த ஆத்திரத்தில் நான் சொன்ன புத்தியைக் கேளுங்கள். "கையில கெடைச்சத எடுத்து ஒண்ணு போடு. நா உங்கண்ணனுக்குப் போடறதில்லையா? ஒருக்காப் போட்டீன்னா அப்பறம் பொட்டிப் பாம்பா அடங்கீருவான்." விரலைக் கடித்த கதையை மறுபடியும் நடித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். சிரித்ததைப் பார்த்துவிட்டு, சரி, பெண்ணுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டு மருந்து எல்லா வீட்டு நோய்க்கும் கேட்கும் என்று நம்பிய மடச்சி நான்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, சந்தைக்கு வெல்லம் ஏற்றிப் போன ஒரு பாரவண்டியிலிருந்து எங்கள் தடத்தில் இறங்கினாள். வலது கை முழங்கைக்குக் கீழே சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது. சேலையைக் கிழித்துக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். பாதி வழி நடந்தே வந்திருக்கிறாள்.

அவன் கூப்பிட்டபோது களி கிண்டிக்கொண்டிருந்தாளாம். துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டே போயிருக்கிறாள். அவன் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியதும் நெற்றியில் ஒன்று போட்டுவிட்டாள். ரத்தம் வந்துவிட்டது.

"போட்டியா!" என்றேன். கை ஒடிந்து நிற்கிறவளைப் பார்த்து என் வாயில் முதலில் வந்தது அந்தச் சந்தோஷம்தான். இதை எழுதும்போதுகூட என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"போட்டேனுங்க நங்கையா," என்றாள். "அவரு கோவிச்சுக்கவே இல்லீங்க. ரத்தத்தத் தொடச்சாரு. துடுப்ப வாங்கி ஓரமா வெச்சாரு. அப்பறம், எந்தக் கையாலன்னு கேட்டாருங்க."

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டதும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மாமனார் குறுக்கே விழுந்து தடுத்தார். பொழுது சாய்வதற்குள் அந்தக் கோபம் வைக்கோல் நெருப்பு மாதிரி எரிந்து அடங்கிவிட்டது. எலும்பு கட்டுகிற வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போனார். பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி, "அடிக்கற கைதான் அம்மிணி அணைக்கும்," என்றாள். இந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் நிச்சயமாக அடி வாங்கினவன் இல்லை. "அணைக்கற கையாலதான் ஒடச்சானாக்கும்? வாயக் கழுவிப் போட்டு ஊட்டுக்குப் போ," என்று அவளை அனுப்பிவைத்தேன்.

அவள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னய அனுப்பிப் போடாதீங்க. கடலக்காட்டுல களையெடுத்துட்டு இங்கயே கெடக்கறேன்." மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது உன்ற ஊடு சாமி, ஆரு உன்னய அனுப்பறது?" என்றார். அவர் கெட்டவரில்லை. உறவுக்காரர் பேச்சுக்குப் பயந்தவர். எங்கள் பக்கத்தில் நடந்த கொடுமையில் பாதி இப்படிக் கெட்டவரில்லாதவர்கள் செய்ததுதான்.

முதல் வாரம் அவள் கண்ணை மூடவில்லை. இரண்டாவது வாரம் பகலிலும் தூங்கினாள். நான்காவது வாரம், ரசத்தில் உப்புக் கரிக்கிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். எனக்கு ஆனந்தமாக இருந்தது. வாயைத் திறந்து குறை சொல்கிறாளே! இடது கையால் கோழிகளை விரட்டிக்கொண்டு, அவற்றை வைதுகொண்டு வாசலில் அவள் நடந்ததைப் பார்த்தபோது, எப்பாடு பட்டாவது இவளை அனுப்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் அவர்கள் பக்கத்திலிருந்து ஊர்க்கூட்டம் கேட்டுச் சொல்லியனுப்பினார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். எங்கள் வழக்கத்தில் கூட்டத்தில் பெண்கள் பேசக்கூடாது. மதில் ஓரமாக நிற்கலாம், கேட்கலாம். எலும்பு ஒடிந்தவள் வாயைத் திறக்கக்கூடாது, அவளுக்காக அப்பனோ அண்ணனோ பேசவேண்டும். இது என்ன நியாயமோ, அந்த மாரியம்மனுக்குத்தான் வெளிச்சம். அவளும் ஒரு பெண்தான், அவளும் வாயைத் திறக்கவில்லை.

அவன் வெள்ளை வேட்டியும் நெற்றியில் வெள்ளைத் துணிக் கட்டுமாக வந்தான். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தக் காயம் எப்போதோ ஆறியிருக்கும். ஆனாலும் கட்டு! எல்லோரையும் கும்பிட்டான். "எம்மேலயும் தப்பு இருக்குதுங்க. அடிச்சது தப்புத்தானுங்க. ஆனா மொதல்ல ரத்தம் பாத்தவன் நானுங்க," என்றான். குரல் தழுதழுத்தது. கூட்டம் உச்சுக் கொட்டியது.

தலைமைப் பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரு கை தட்டுனா ஓச வருமுங்களா? அந்தப் பக்கம் ஒரு மண்ட, இந்தப் பக்கம் ஒரு கை. ரெண்டு பக்கமும் குத்தமிருக்குது," என்றார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இதென்ன ஊர்ல நடக்காததா? ஏனுங் மாப்ள, உங்கூட்டுல நடக்காததா? வெரலு போனாலும் குடும்பம் போயிருச்சா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். தங்கைக்காகப் பேச வந்த மனிதர் பல்லைக் காட்டிக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

மதிலைச் சுற்றிக்கொண்டு நான் எப்போது நடுவில் வந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது. "எங்கூட்டுச் சண்டைய எனத்துக்குங்க இதுல இழுக்கறீங்க?" என்றேன். "அவரு அடிச்சா நா திருப்பி அடிப்பேன். அடிச்சுப் போட்டுத் தூங்குவேன். இவ அங்க ரெண்டு வருசமாத் தூங்கலீங்க. ரெண்டு வருசமா இவன் அடிச்சான், அப்ப இங்க கூட்டமில்ல. இவ ஒருநாள் ஒண்ணு போட்டா, ஒடனே ரெண்டு பக்கமும் குத்தமுங்களா? ஒரு கை தட்டுனா ஓச வராதுங்கறீங்க. கன்னத்துல தட்டிப் பாருங்க, நல்லா வரும்!"

"பொம்பள கூட்டத்துல பேசற காலமாப் போச்சா?" என்றார் ஒருவர். "இவ குடுத்த எடந்தான், அந்தப் புள்ள துடுப்ப எடுத்துச்சு," என்றார் இன்னொருவர். அவர் சொன்னது உண்மை. நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

அப்போது அவன் நெற்றிக் கட்டைச் சரிசெய்யக் கையைத் தூக்கினான். அவ்வளவுதான், வேறொன்றுமில்லை. மதில் ஓரம் முப்பதடி தள்ளி நின்றிருந்த என் நாத்தனார், பத்தை கட்டிய கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். எல்லோரும் பார்த்தார்கள். தலைமைப் பெரியவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "ரெண்டு பேரும் உளுந்து கும்புடுங்க," என்றார்.

அந்தக் காலத்து மனிதர்களுக்கு விவரம் பத்தாது என்று என் பேத்திகள் இப்போது எனக்குச் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. விவரம் பத்தாதா? கண்ணால் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத்தான் வெற்றிலையைப் போட்டார்கள். அவன் விழுந்தான், அவளும் விழுந்தாள், ஒடிந்த கையை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு.

கூட்டம் தீர்த்துவைத்த புருஷன் பெண்டாட்டியை, கல்யாணத்தன்று போல ஒரே இலையில் சாப்பிடவைத்து அனுப்புவது எங்கள் ஊர் வழக்கம். பெண்ணின் பிறந்த வீட்டுப் பொம்பளை தன் கையால் இலை போட்டுச் சோறு வைக்கவேண்டும். அது ஆகாமல் அவளை வண்டி ஏற்றமாட்டார்கள். மாமியார் இல்லாத வீட்டில் அந்தப் பொம்பளை நான்தான். அது நினைவுக்கு வந்ததும் எனக்கு உயிர் வந்தது. பேசத்தானே கூடாது, போடமாட்டேன் என்று நிற்கலாமே!

விருந்தாளிகளுக்கென்று காலையிலேயே ஆக்கிய நெல்லுச் சோறும் பருப்பும் அடுக்களையில் இருந்தன. நான் அடுக்களைக் கதவு நிலையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றேன். "எங்கையால எலை போடமாட்டேன்," என்றேன். கோயிலிலிருந்து வந்து எங்கள் வாசலில் பாய் விரித்து அவனும் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி, மானத்த வாங்காத." நான் அசையவில்லை. என் நாத்தனார் எனக்குப் பின்னால், அடுப்பு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

நேரம் போயிற்று. வாசலில் பேச்சுக் குறைந்தது. ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெயிலு ஏறுது, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க," என்றது என் காதில் விழுந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், போயிருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் வந்தார். "வழிய உடு. ஊருக்கு முன்னால என்னய எளப்பமாக்காத."

"தங்கச்சி கையொடிஞ்சு நிக்கறா, நீங்க பல்லக் காட்டறீங்க. உங்கள எளப்பமாக்க நா வேற வேணுமாக்கும்?"

அறைந்தார். நான் விறகுக் கட்டை ஒன்றை எடுத்தேன். அவர் என் முடியைப் பிடித்தார், நான் அவர் தோளில் ஒன்று வைத்தேன். இழுத்துக்கொண்டு பொடக்காலி வரைக்கும் போய்விட்டோம். வாசலிலிருந்து சிரிப்புக் கேட்டது. "பாத்தீங்களா, இதானுங்க குடும்பம்!" என்றார் யாரோ. எங்களுக்கு அது கை பழகிய சண்டை. எங்கே அடித்தால் எவ்வளவு வலிக்கும் என்று இருவருக்கும் அத்துப்படி. அந்த ரோஷத்தில், நான் எதற்காக அந்தக் கதவு நிலையில் நின்றேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தேன். வாசலில் இலை விரித்திருந்தது. அவள் இடது கையால் சோற்றை அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். இடது கையால் தண்ணீர் கொடுத்தாலே முகம் சுளிக்கிற பெரியவர்கள், அன்றைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. "பொறந்த ஊட்டுப் பொம்பள கைதான வேணும்? இவளும் இந்த ஊட்டுல பொறந்தவதானுங்களே," என்றார் தலைமைப் பெரியவர். அவன் பிசைந்து சாப்பிட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தாள்.

வண்டி பூட்டியபோது ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். "ஏன் அம்மிணி, இன்னுங் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா அவியளே எந்திரிச்சுப் போயிருப்பாங்களே. நீயே எனத்துக்குப் போட்டே?"

"அண்ணன் கைய ஓங்குனாருங்க," என்றாள்.

"அது எங்களுக்குப் புதுசா? ஒருநாளு நடக்கறதா?"

"அது எங்க போயி நிக்குமுன்னு உங்களுக்குத் தெரியுமுங்க நங்கையா. எனக்குத் தெரியாதுங்க. ஆரு கைய ஓங்குனாலும் எனக்கு ஒரே மாதிரிதான் இருக்குது. சோத்தப் போட்டா நின்னுருமுன்னு தோணுச்சு, போட்டுட்டேன்."

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் உயிரோடிருந்தாள். ஒரு ஆடி நோம்பிக்கும் அவன் அனுப்பவில்லை. நாங்கள்தான் மூன்று முறை போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் வாயில் ஒரு பல் குறைந்திருந்தது. அந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் அவ்வளவு பெரிய கூட்டத்தாலும் அன்றைக்கு அவளை என் அடுக்களையிலிருந்து வெளியே கொண்டுவர முடியவில்லை. எழுந்து போகவே பார்த்தார்கள். அவளைக் கொண்டுவந்து அந்த இலை முன்னால் உட்காரவைத்தது நானும் என் வீட்டுக்காரரும்தான்.